நான்காவது அட்டை

இதில் எது முதலில் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதில் எனக்கு முழு நிச்சயம் இல்லை. ரோசம்மாவுக்கே இல்லை. அந்த நாட்களை அவள் மனத்துக்குள் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் அட்டைகளின் எண்ணிக்கை வரும் இடத்தில் தடுக்குகிறது. மூன்று என்று தோன்றுகிறது, பிறகு நான்காக இருக்கலாம் என்று தோன்றுகிறது. செவ்வாய்க்கிழமை மதியம் அவள் கையில் கத்தரிக்கோல் இருந்தது உறுதி. மழை பெய்து ஓய்ந்திருந்ததும் உறுதி.

முதல் அட்டை எரிவாயு அடுப்பின் குமிழில் தொங்கியது. நூலை வெட்டி, அட்டையைத் தையல் சாமான் வைக்கும் பிஸ்கட் டின்னில் போட்டாள். இரண்டாவது குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியில். மூன்றாவது குளியலறை ஹீட்டர் சுவிட்சில். எல்லாம் ஒரே மாதிரி சிவப்பு அட்டைகள். மேலே ஆங்கிலத்தில் இயக்காதே என்று அச்சடித்திருக்கும். கீழே தேதியும் கணவர் பெர்னார்டின் கையெழுத்தும். எந்தப் பொருளுக்கு என்று எழுத இடமே கிடையாது. எதில் கட்டியிருக்கிறதோ அதற்கு.

பெர்னார்ட் சாங்கி விமான நிலையத்தில் முப்பத்து நான்கு வருடம் பெட்டி இழுக்கும் வண்டிகளைப் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்ற அன்று ஒரு கட்டு அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். வாசல் போர்ச்சில் பட்டறை போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு மின்விசிறி, பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள் என்று எதையாவது பிரித்துப் போடும்போது, பாதியில் நிற்கும் வேலையில் ஓர் அட்டையைக் கட்டுவார். அது பல வருடப் பழக்கம். கடந்த எட்டு மாதமாகத்தான் அட்டைகள் போர்ச்சிலிருந்து வீட்டுக்குள் நடந்து வந்தன. அடுப்பை அவர் அணைக்க மறந்த மறுநாள் ஒன்று. மருந்தை இரண்டு தடவை விழுங்கிய மறுநாள் இன்னொன்று. மருத்துவர் மறதி நோயின் ஆரம்பக் கட்டம் என்றார். மகன் ஜோனத்தனைத் தவிர வேறு யாருக்கும் ரோசம்மா சொல்லவில்லை.

"கட்டினவன்தான் கழட்டணும், ரோசா," என்று அவர் சொல்லியிருந்தார். "வேற யாரும் கை வைக்கக் கூடாது. டேக் இல்லன்னா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

"இது வீடுங்க. ஏர்போர்ட் இல்ல."

"அதான் பயமா இருக்கு."

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை மாதா சுரூபம் அவர்கள் வீட்டுக்கு வரவிருந்தது. அக்டோபரில் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டில் செபமாலை. கோவன் பகுதியில் இருக்கிற மாதா கோயில் பங்கு மக்கள் பதினைந்து இருபது பேராவது வருவார்கள். போன மாதம் ஏதோ கொடுக்க வந்த, அதே பங்கைச் சேர்ந்த தங்கம், குளிர்சாதனப் பெட்டியில் தொங்கிய அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க கழுத்துல ஒண்ணு கட்டலையா அக்கா?" என்று சிரித்திருந்தாள். தங்கம் கெட்டவள் இல்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்தது ஞாயிறு பூசைக்குள் பங்குக்கே தெரியும்.

வீட்டுக்குள் முடித்துவிட்டு ரோசம்மா போர்ச்சுக்கு வந்தாள். அங்கே ட்ரெய்லர் நின்றது. இரண்டு சக்கரம், துருப்பிடித்த இரும்புச் சட்டம். கோயிலில் நாற்காலிகளையும் கூடாரத் துணியையும் இழுத்துத் திரிந்து, பிறகு பின்கட்டில் வருடக்கணக்காக மழையில் கிடந்த வண்டி. பழைய இரும்புக்குப் போட இருந்ததை, டிசம்பர் திருவிழாவுக்குச் சப்பரத்தின் அடிப்பாகமாக மாற்றித் தருகிறேன் என்று பெர்னார்ட் கேட்டு வாங்கினார். மார்ச் மாதம் அவருடைய தம்பி ஆர்னால்ட் தன் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். கூடவே ஒரு நண்பரின் பட்டறையிலிருந்து ஒரு பழைய ஜாக்கியும்.

ஏழு மாதத்தில் பெர்னார்ட் துருவைச் சுரண்டி, இற்றுப்போன குறுக்குக் கம்பிகளை மாற்றி, மேலே புதுப் பலகை அடித்து, நீல வண்ணம் பூசியிருந்தார். வலது சக்கரத்துக்குப் புது பேரிங் போட்டாகிவிட்டது. இடது சக்கரம்தான் பாக்கி. போன வாரம் ஜாக்கியில் எண்ணெய் கசிவதைக் கண்டுபிடித்தார். வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, பக்கத்துத் தூணில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டார். ஒன்பது மணிக்கு ஒரு கோடு, பத்துக்கு ஒரு கோடு. சில நாள் கோடு அசையவே அசையாது. சில நாள் ஒரே மணி நேரத்தில் இரண்டு விரற்கடை கீழே வந்திருக்கும்.

"இது கெட்டவனா இருந்தா பரவாயில்ல, ரோசா," என்றார் தூணைப் பார்த்தபடி. "சில நாள் நல்லவனா இருக்கான் பாரு. அதான் மோசம்." அப்புறம் அதன் கைப்பிடியில் ஓர் அட்டையைக் கட்டினார்.

தூணில் ஒன்பது கோடுகள் இருந்தன. ரோசம்மா ஈரத் துணியால் துடைத்தாள். வழியில் நின்ற இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளைப் பின்பக்கச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போய், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் வைத்தாள். வண்டியைத் தூக்கிய பிறகு அடியில் முட்டுக்கொடுக்கும் ஸ்டாண்டுகள் அவை. ஜாக்கியைக் காலால் வண்டிக்குக் கீழே தள்ளினாள். ட்ரெய்லரின் மேல் ஒரு பூப்போட்ட போர்வையை விரித்தாள்.

ஜாக்கியிலிருந்த அட்டையை வெட்டினாளா என்பதுதான் தெரியவில்லை. பிறகு கத்தரிக்கோலைச் சோப்புப் போட்டுக் கழுவியது நினைவிருக்கிறது. அலகில் கறுப்பாக எண்ணெய் இருந்தது. அடுப்புப் பக்கத்து எண்ணெயாகவும் இருக்கலாம்.

செபம் நன்றாகத்தான் நடந்தது. தேக்கா சந்தையில் வாங்கிய மல்லிகைச் சரம் மாதாவின் கையில் கிடந்தது. தங்கம் உள்ளே வந்ததும் சுற்றிப் பார்த்தாள்.

"வீடு பளிச்சுனு இருக்கே. எங்கண்ணே, உங்க டேக்கெல்லாம் காணோம்? ஒருவழியா அக்காவ ரிப்பேர் பண்ணி முடிச்சிட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். பெர்னார்டும் சிரித்தார். சிரித்துக்கொண்டே குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியைப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தார். அந்தப் பார்வையை ரோசம்மா கண்டும் காணாததுபோல் மெழுகுவர்த்தியைச் சரிசெய்தாள்.

செபமாலையின் மூன்றாவது பத்து மணிகளுக்கு 'அருள் நிறைந்த மரியே' செபத்தை அவர்தான் சொன்னார். பத்து முடிந்தது. அவர் நிறுத்தவில்லை. பதினொன்று. பன்னிரண்டு. ஒருவரும் தடுக்காமல் பதில் செபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதின்மூன்றாவதில் ரோசம்மா அவர் முழங்கையைத் தொட்டாள். தங்கம் தலையைக் குனிந்துகொண்டாள்.

எல்லோரும் போன பிறகு அவர் கேட்டார். "எதுலெல்லாம் இருந்துச்சு?"

"எனக்குத் தெரியும். நாளைக்கு நானே கட்டிடறேன்."

"கட்டினவன்தான்..."

"தெரியும்ங்க. நாளைக்கு."

மறுநாள் புதன். காலை பத்து மணி இருக்கும். தங்கம் தொலைபேசியில் இருந்தாள். முந்தின நாள் கரிபப் பலகாரம் கொண்டுவந்த பாத்திரம் யாருடையது என்று கேட்கத்தான் அழைத்திருந்தாள். பேச்சு வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தது. பெர்னார்ட் சமையலறை வாசலில் வந்து நின்றார். சட்டைப் பையைத் தொட்டபடி, "ரோசா, ஒண்ணு கேக்கணும்," என்றார். அவள் உள்ளங்கையை உயர்த்திக் காட்டினாள். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போனார்.

திரும்ப வந்தார். அப்போது தங்கம் முந்தின நாள் செபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். குரலில் இரக்கம் வந்திருந்தது. அண்ணனுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு என்று மெல்லக் கேட்டாள். பதில் சொல்லும்போது அவர் எதிரில் நிற்பது ரோசம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"அப்புறம் லா," என்றாள் அவரிடம்.

அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. பின்னாளில் அவளை வருத்தியதும் அதுதான். பேருந்துக் கதவு திறக்கும்போது வருவது போல நீளமாக ஒரு மூச்சு. அதன் பின் பலகையில் ஏதோ உட்கார்ந்தது போல. வண்டியை இறக்கிவிட்டார் என்று நினைத்தாள். தொலைபேசியை வைத்துவிட்டு, கோப்பி கலக்கினாள். சர்க்கரையைக் குறைத்துப் போட்டாள். போர்ச்சுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

போர்வை அழகாக நான்காக மடித்து நாற்காலியில் வைக்கப்பட்டிருந்தது. இடது சக்கரம் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. அவருடைய செருப்பு இரண்டும் வண்டிக்கு வெளியே இருந்தன.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் கொஞ்ச நேரத்திலேயே நிமிர்ந்து நின்றார்கள். போலீஸ் வந்தது. ஆதவன் என்ற இளம் அதிகாரி, தமிழர். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அவளுக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து கேட்டார்.

"அம்மா, காலையிலேர்ந்து இந்த இடத்துல நீங்க எதையாவது நகர்த்தினீங்களா?"

"காலையிலேர்ந்து இல்ல," என்றாள் ரோசம்மா.

அவர் எழுதிக்கொண்டார்.

பொங்கோலிலிருந்து ஜோனத்தன் வந்தபோது ஆர்னால்ட் ஏற்கெனவே வந்து போர்ச்சின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். லாரிக்காரனின் மஞ்சள் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. அந்த ஜாக்கி எங்கே வாங்கியது என்று அதிகாரி கேட்டார்.

"நான்தான் குடுத்தேன் சார்," என்றான் ஆர்னால்ட்.

ஜோனத்தன் திரும்பினான். "செகண்ட் ஹேண்டா சித்தப்பா?"

"ஆமா. ஆனா நல்லாத்தான் இருந்துச்சு. நானே லாரிய ஏத்திப் பாத்தேன்."

"நல்லாத்தான் இருந்துச்சா?"

"ஜோன், மார்ச்சுல..."

"யூ கேவ் ஹிம் ஜங்க், சித்தப்பா. அப்பாவுக்கு எப்படி இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. யூ டோன்ட் ஈவன் நோ."

ஆர்னால்ட் அண்ணியைப் பார்த்தான். அண்ணனுக்கு எப்படி இருந்தது என்று கேட்கும் பார்வை. ரோசம்மா கையிலிருந்த கோப்பிக் கோப்பையைப் பார்த்தாள். அது இன்னும் அவள் கையில்தான் இருந்தது. யாராவது வாங்கி வைத்தால் தேவலை என்றிருந்தது.

ஜாக்கியை போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. உடல் மறுநாள்தான் கிடைத்தது. சவக்கிடங்கிலிருந்து வரும்போது ஜோனத்தன் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து கொடுத்தான். அவர் உடம்பிலும் சட்டையிலும் இருந்தவை. ரோசம்மா அதைப் பார்க்காமல் அலமாரியில் சேலைகளுக்கு நடுவில் வைத்தாள்.

வீட்டு முன்னால் சாலையில் கூடாரம் போட்டார்கள். பெட்டியைக் கூடத்தில் வைத்தார்கள். ட்ரெய்லரை ஆர்னால்ட் தள்ளிக்கொண்டு போய் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, தார்பாலின் போட்டு மூடினான். பிறகு அவன் உள்ளே வரவில்லை. கூடாரத்தின் கடைசியில், சாக்கடை ஓரமாக, ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். வருகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பொட்டலம் எடுத்துக்கொடுத்தான். யார் சொன்னார்களோ, ஜாக்கி கதை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பொட்டலத்தை வாங்கும்போது சிலர் அவன் முகத்தைப் பார்க்காமல் வாங்கினார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை ஜோனத்தன் அம்மாவின் அறைக்குள் வந்தான்.

"மம்மி, நாளைக்குப் பெட்டி தூக்க ஆறு பேர். சித்தப்பா வேணாம்."

"தம்பிடா. அப்பாவுக்கு இருக்கிற ஒரே தம்பி."

"ஐ நோ. நீங்க சொல்லுங்க, அவர் கை வைக்கணும்னு நீங்க சொன்னா நான் ஒண்ணும் சொல்லல."

அவன் காத்திருந்தான். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கூடத்தில் யாரோ செபமாலையைத் தொடங்கினார்கள், பாதியில் குரல் உடைந்து இன்னொருவர் எடுத்துக்கொண்டார். ரோசம்மா தலையணை உறையின் சுருக்கத்தை நீவினாள்.

"சரி," என்று ஜோனத்தன் தானே சொல்லிக்கொண்டு போய்விட்டான்.

அவன் போனதும் பிஸ்கட் டின்னைத் திறந்தாள். அட்டைகளை எடுத்துக் கட்டிலில் வரிசையாக வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நூல்கண்டுகளை எல்லாம் வெளியே எடுத்துத் தேடினாள். மூன்றுதான். அப்படியானால் ஜாக்கி அட்டையை அவள் தொடவில்லை. கட்டியவரே கழற்றியிருக்கிறார். கசிவைச் சரிசெய்துவிட்டதாக நினைத்திருப்பார், இல்லை, எதற்குக் கட்டினோம் என்றே மறந்திருப்பார். மூன்றுதான் என்று சொல்லிப் பார்த்தாள். மூச்சு கொஞ்சம் இறங்கியது. டின்னை மூடினாள்.

சனிக்கிழமை பூசை. மருமகள் ஷார்லீனின் தம்பி ரித்திக் ஆறாவது ஆளாக வந்து பெட்டியைத் தூக்கினான். பெர்னார்டை அவன் இரண்டு தடவை பார்த்திருப்பான். ஆர்னால்ட் கூட்டத்தின் கடைசியில் நடந்துவந்தான். தோளில் தண்ணீர்ப் பெட்டி ஒன்று. எதையாவது சுமந்தாக வேண்டும் என்பது போல. மண்டாய் தகனச்சாலையில் பெட்டி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தானாக நகர்ந்து போனது. தண்டவாளம் போட்டு அதன் மேல் வைத்திருந்தார்கள். சக்கரம் எதுவும் கிறீச்சிடவில்லை. இதைப் பார்த்திருந்தால் பேரிங் நல்ல பேரிங் என்று சொல்லியிருப்பார் என்று ரோசம்மாவுக்குத் தோன்றியது. அவள் அழுதது அப்போதுதான்.

வீடு திரும்பும்போது மணி மூன்று. ஜோனத்தன் கூடத்துச் சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். ரோசம்மா சேலை மாற்ற அலமாரியைத் திறந்தாள். பிளாஸ்டிக் பை சரிந்து காலடியில் விழுந்தது.

மூக்குக்கண்ணாடி. ஒரு பக்கம் கீறியிருந்தது. கைக்கடிகாரம். தச்சர் வைத்திருப்பது போல ஒரு குட்டிப் பென்சில். பிறகு ஒரு சிவப்பு அட்டை.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அட்டையின் ஓர் ஓரம் எண்ணெயில் கறுத்திருந்தது. தேதி போன வாரத்தது. துளையில் நூல் இன்னும் இருந்தது. அவர் போடுகிற முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. வளையம்தான் நறுக்கென்று வெட்டுப்பட்டிருந்தது. பெர்னார்ட் எதையும் வெட்ட மாட்டார். நூலைக்கூட அவிழ்த்துச் சுருட்டித் திரும்ப வைத்துக்கொள்கிற மனிதர்.

திருப்பினாள். பின்பக்கம் பென்சிலில், அவருடைய சாய்ந்த எழுத்து.

'போர்ச்சில் கீழே கிடந்தது. எதில் இருந்தது? ரோசாவைக் கேட்கணும்.'

வெளியே நாற்காலிகளை மடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக. ஆர்னால்ட்தான். அவள் அட்டையை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, தூங்குகிற மகனைக் கடந்து, பின்வழியாகப் போய் அவனைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். புதன்கிழமைக்குப் பிறகு அவன் வீட்டுக்குள் வருவது அதுதான் முதல் தடவை. செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தான்.

அட்டையை நீட்டினாள்.

ஆர்னால்ட் முன்பக்கம் படித்தான். பின்பக்கம் படித்தான். நூலின் முனையை விரலால் தடவினான். லாரி ஓட்டுகிற முரட்டு விரல். துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் இரண்டு ஸ்டாண்டுகளின் தலை தெரிந்தது. அதையும் பார்த்தான். குழாயில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு விழுந்தது.

"ஆளுங்க வராங்கன்னு," என்றாள் ரோசம்மா. "பாக்கறதுக்கு நல்லா இருக்காதுன்னு."

அவன் அட்டையை மறுபடி திருப்பினான்.

"அவர் கேக்க வந்தார், ஆர்னால்ட். ரெண்டு தடவ வந்தார்."

"ஜோன் இத பாத்துட்டானா?"

"இல்ல. சொல்லிடறேன். இப்பவே எழுப்பி..."

ஆர்னால்ட் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான். வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான் ஜோனத்தன். அப்படித் தூங்கும்போது பெர்னார்ட் மாதிரியே இருப்பான்.

"அவனுக்கு இப்ப நீங்க மட்டும்தானே அண்ணி," என்றான்.

அட்டையை அவள் கையில் வைத்து, அவள் விரல்களை அதன் மேல் மடக்கினான். வாசலில் நின்று செருப்பைப் போட்டுக்கொண்டே, "சேர் ஒண்ணு கொறையுது. சாக்கடைப் பக்கம் விழுந்திருக்கும், பாக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

விசாரணை முடிந்து விபத்து என்று எழுதினார்கள். பழைய ஜாக்கி, எண்ணெய்க் கசிவு, முட்டு இல்லாமல் அடியில் படுத்தது. வேறு யார் மீதும் குற்றம் சொல்லவில்லை. ட்ரெய்லரை ஆர்னால்ட் தன் நண்பரின் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போய் இடது சக்கரத்தை முடித்தான். டிசம்பரில் மாதா அதில்தான் கோயிலைச் சுற்றி வந்தாள். ஜோனத்தன் வடத்தின் இந்தப் பக்கம் பிடித்தான், ஆர்னால்ட் அந்தப் பக்கம். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இன்றுவரை பேசுவதில்லை. கிறிஸ்துமஸுக்கு ஆர்னால்ட் வீட்டுக்குள் வருவதில்லை. கேக்கை வாசல் கதவில் மாட்டிவிட்டுப் போகிறான். தங்கம் வாரம் இரண்டு தடவை சாப்பாடு கொண்டுவருகிறாள், அதிகம் பேசுவதில்லை. பொங்கோலுக்கு வந்துவிடுங்கள் என்று ஷார்லீன் கூப்பிட்டுப் பார்த்துவிட்டாள். ரோசம்மா போகவில்லை.

போலீஸ் திருப்பிக் கொடுத்த ஜாக்கி போர்ச்சில் அதே மூலையில் இருக்கிறது. ஒருநாள் அதைத் தூக்கி எறியப்போன ஜோனத்தனை அவள் தடுத்துவிட்டாள். ஏன் என்று கேட்டான், அவள் சொல்லவில்லை. கைப்பிடியில் அந்த அட்டை தொங்குகிறது, எழுதிய பக்கம் உட்புறமாக. கையெழுத்து பெர்னார்டுடையது. முடிச்சு ரோசம்மாவுடையது.